பித்திலியானோ: இத்தாலியச் சிற்றூர் ஒன்றின் யூத கெட்டோ

சுவடிக்காரன்

கெட்டோ, அதாவது யூதர்களை ஒதுக்கி அடைத்துவைத்த குடியிருப்பு, என்று பேச்செடுத்தாலே இங்கே வார்சாவும் நாஜிகளும்தான் முன்னால் வருகிறார்கள். அவர்களுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1516-இல், வெனிஸ் நகரம் தன் யூதர்களை ஒரு மூலையில் குடிவைத்து இரவானால் கதவைப் பூட்டத் தொடங்கிவிட்டது. வெனிஸ், ரோம், ஃபிளாரன்ஸ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு சின்ன ஊரில், எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில், இது எப்படி நடந்தது? அதைப் பேசத்தான் இந்த இழை.

ஊர் பெயர் பித்திலியானோ. டஸ்கனியின் தெற்குக் கோடி, கிரோசெத்தோ மாவட்டம். இன்றைக்கும் நாலாயிரம் பேருக்குக் குறைவாகத்தான் வசிக்கிறார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டூஃபா பாறையின் முகட்டில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். மூன்று பக்கமும் செங்குத்துப் பள்ளம், கீழே ஆறு. இந்த ஊருக்கு "சின்ன ஜெருசலேம்" என்று ஒரு செல்லப்பெயர் உண்டு.

யூதர்கள் இங்கே பெருகியதற்குக் காரணம் ரோம். 1555 ஜூலையில் போப் நான்காம் பவுல் ஓர் ஆணை போட்டார். போப்பின் ஆட்சிப் பகுதியில் யூதர்கள் தனிக் குடியிருப்பில்தான் வாழ வேண்டும், நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருக்கக் கூடாது, மஞ்சள் தொப்பி போட வேண்டும், பழைய துணி வியாபாரத்தைத் தவிர வேறு வியாபாரம் செய்யக் கூடாது, யூத மருத்துவர் கிறிஸ்தவ நோயாளியைத் தொடக் கூடாது. 1569-இல் ஐந்தாம் பயஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்: ரோம், அங்கோனா இரண்டு நகரங்களைத் தவிர மற்ற ஊர்களிலிருந்து எல்லா யூதர்களும் வெளியேற வேண்டும் என்றார்.

வெளியேறியவர்கள் எங்கே போவார்கள்? எல்லையைத் தாண்டினால் போதும் என்று பக்கத்துக் குறுநிலங்களுக்குப் போனார்கள். பித்திலியானோ அப்போது ஓர்சினி என்ற பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. போப்பின் எல்லைக்கு வெளியே, ஆனால் எட்டிப் பார்க்கும் தூரத்தில். பக்கத்தில் சொரானோ, சொவானா, காஸ்த்ரோ என்று அதே மாதிரி வேறு ஊர்களும் இருந்தன.

வந்தவர்களில் பெயர் தெரிந்தவர் தாவிதே தே போமிஸ் என்ற மருத்துவர். 1525-இல் ஸ்போலெத்தோவில் பிறந்தவர். கிறிஸ்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க நான்காம் பயஸிடம் நேரில் வாதாடி அனுமதி வாங்கினார்; அடுத்து வந்த ஐந்தாம் பயஸ் அதை ரத்து செய்துவிட்டார். இதற்கெல்லாம் முன்பு, நான்காம் பவுலின் ஆணைக்குப் பிறகு, நிக்கோலோ ஓர்சினியிடம் சில ஆண்டுகள் மருத்துவராக இருந்தார். அவருடைய மனைவி இறந்தபோது அடக்கம் செய்ய ஊருக்கு வெளியே ஓர்சினி கொடுத்த நிலம்தான் யூதர் கல்லறைத் தோட்டமாக வளர்ந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே அது இன்றும் இருக்கிறது.

1598-இல் தொழுகைக்கூடம் கட்டினார்கள். அதுவரை கெட்டோ கிடையாது. 17-ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் ஊர் ஓர்சினிகளிடமிருந்து மெதிச்சி குடும்பத்தின் டஸ்கனி ஆட்சிக்குள் போனது. 1622-இல் கெட்டோ வந்தது.

மீதியைப் பேசிக்கொண்டே போகலாம்.

வைகைச்செல்வி

நல்ல இழை. ஒரு கேள்வி. ஓர்சினிகள் ஏன் இவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்? போப்போடு பகை வரும் என்ற பயம் இல்லையா?

சுவடிக்காரன்

செல்வி, இரக்கம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் லாபம் கண்ணுக்குத் தெரிகிறது. மலைமேல் ஓர் ஏழை விவசாய ஊர். விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் குடியானவனுக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும். கிறிஸ்தவர்கள் வட்டிக்குக் கொடுப்பதைத் திருச்சபை தடுத்திருந்தது. அதனால் யூதக் குடும்பங்களோடு பிரபு ஓர் ஒப்பந்தம் போடுவார்: இத்தனை ஆண்டு இங்கே தங்கலாம், கடன் கொடுக்கலாம், வட்டிக்கு வரம்பு இவ்வளவு, எனக்கு இவ்வளவு கட்ட வேண்டும். இத்தாலி முழுக்க இதுதான் வழக்கம். ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிப்பதும் விரட்டுவதும் பிரபுவின் கையில்.

அப்புறம், பிரபு வீட்டுக்கு மருத்துவர் வேண்டும். தே போமிஸ் மாதிரி படித்த ஒருவர் தானாக வாசலுக்கு வந்தால் யார் விடுவார்கள்?

நீலாம்பரி

சுவடி சார், எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த "சின்ன ஜெருசலேம்" என்ற பெயரை நாம் அப்படியே தூக்கிக்கொண்டு போவது எனக்கு உறுத்துகிறது. சுற்றுலாப் பலகையில் அந்தப் பெயர் அழகாக இருக்கும். ஆனால் 1622-இல் நடந்தது என்ன? ஊர் முழுக்கப் பரவி வாழ்ந்த குடும்பங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி, தொழுகைக்கூடத்தைச் சுற்றி ஒரு தெருவிலும் அதன் சந்துகளிலும் அடைத்தார்கள். இரவில் வாசலைப் பூட்டினார்கள். ஆண்கள் சிவப்புத் தொப்பி, பெண்கள் சட்டைக் கையில் சிவப்பு அடையாளம். அன்றுவரை பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறார். கொடுமையை முதலில் சொல்லிவிட்டு நல்லிணக்கத்தைப் பேசுவோம்.

கொங்குநாட்டான்

நீலாம்பரி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். இதே மெதிச்சிகள்தான் லிவோர்னோ துறைமுகத்தில் நேர் எதிராக நடந்துகொண்டவர்கள். 1591-இலும் 1593-இலும் முதலாம் ஃபெர்தினாந்தோ சாசனம் எழுதி, ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்ட யூத வணிகர்களை "வாருங்கள், தொழில் செய்யுங்கள்" என்று அழைத்தார். லிவோர்னோவில் கெட்டோவே கிடையாது. வீடு வாங்கலாம், அடையாளம் அணிய வேண்டாம். கடல் வாணிகம் வேண்டும், அதனால் சுதந்திரம் கொடுத்தார்கள். உள்நாட்டு மலையூரில் இருப்பவனால் அரசனுக்கு அந்த அளவு வருமானம் இல்லை, அதனால் பூட்டு. ஃபிளாரன்ஸிலும் சியெனாவிலும் 1570-களின் தொடக்கத்திலேயே பூட்டிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்னால், 1569-இல், டஸ்கனியை ஆண்ட மெதிச்சி முதலாம் கோசிமோவுக்கு "கிராண்ட் டியூக்" பட்டம் கொடுத்தவர் அதே ஐந்தாம் பயஸ். பட்டத்துக்குக் கைமாறாகத்தான் கெட்டோ என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆக, ஒரே குடும்பம், ஒரே மதம், ஒரே நூற்றாண்டு. யூதர்களை எப்படி நடத்துவது என்பது கணக்குப் பார்த்து முடிவானது.

தமயந்தி

நான் பாரிஸில் இருக்கிறேன், இந்த ஊருக்குப் போயிருக்கிறேன். கெட்டோ எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.

இன்று சூக்கரெல்லி தெரு என்று சொல்லும் தெருவிலிருந்து மார்கேரா சந்து என்று ஒன்று பிரிகிறது. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அதில்தான் தொழுகைக்கூடம். உள்ளே சுவரில் கல்வெட்டுகள். டஸ்கனியின் கிராண்ட் டியூக்குகள் வந்து போனதைச் சில கற்கள் சொல்கின்றன. மேலே பெண்களுக்கான மாடம், மரச் சல்லடை மறைப்போடு.

அங்கிருந்து படி இறங்கினால் பாறைக்குள் போகிறோம். ஊரில் எல்லா வீட்டுக்கும் அடியில் குகை உண்டு, ரோமானியருக்கு முந்தைய எத்ருஸ்கர் காலத்துக் குடைவுகள்கூட இருக்கின்றன. யூதர்கள் அதைத் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். சடங்குக் குளியல் தொட்டி, சாயப்பட்டறை, இறைச்சிக்கூடம், திராட்சை மது அறை, எல்லாம் பாறையில் குடைந்தவை. சுவரில் உளித்தழும்பு சாய்வாக வரிவரியாக இருக்கும். கையால் தடவினால் மாவு மாதிரி பொடி ஒட்டும். வெளியே நல்ல வெயில். உள்ளே குளிரும் ஈரமும்.

எனக்குப் பிடித்தது அடுப்பறை. பாஸ்கா பண்டிகைக்குப் புளிப்பில்லா அப்பம் சுடும் இடம். ஜன்னல் கம்பியை ஏழு கிளை விளக்கு வடிவத்தில் வளைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மூட்டும் அடுப்பு. பண்டிகைக்குச் சில நாள் முன்பு குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, அங்கேயே மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துப் போவார்களாம். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அடுப்பில் போக வேண்டும் என்பது யூத விதி, இல்லாவிட்டால் புளித்ததாகிவிடும். அந்தச் சின்ன அறையில் எத்தனை கைகள் எவ்வளவு வேகமாக வேலை செய்திருக்க வேண்டும்! கடைசியாக அது எரிந்தது 1939 பாஸ்காவுக்கு.

வைகைச்செல்வி

1939-ஓடு நின்றது என்றால் முசோலினியின் இனச் சட்டங்கள்தானே காரணம்?

சுவடிக்காரன்

ஆமாம், ஆனால் அதற்கு முன்னாலேயே ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் 1799-ஐச் சொல்லியாக வேண்டும். கொங்குநாட்டான், நீங்கள் எழுதுகிறீர்களா? பிரெஞ்சுப் புரட்சி இழையில் "விவா மரியா" கலகம் பற்றி விரிவாக எழுதியவர் நீங்கள்.

கொங்குநாட்டான்

எழுதுகிறேன். நடுவில் விட்டுப்போன ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1649-இல் போப் பத்தாம் இன்னொசென்ட்டின் படை பக்கத்திலிருந்த காஸ்த்ரோ நகரை அடியோடு இடித்தது. காஸ்த்ரோவை ஆண்ட ஃபார்னேசே குடும்பத்தோடு அவருக்கு இருந்த பகைதான் காரணம். அந்த ஊர் யூதர்கள் பித்திலியானோவுக்கு வந்தார்கள். சுற்றியிருந்த சின்னச் சின்னக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அழிய, கடைசியில் இந்த ஊரே எல்லாருக்கும் போக்கிடமாயிற்று.

18-ஆம் நூற்றாண்டில் மெதிச்சி வம்சம் முடிந்து ஹாப்ஸ்பர்க்-லொரைன் ஆட்சி. 1765 முதல் 1790 வரை ஆண்ட பியெத்ரோ லெயோபோல்தோ காலத்தில் யூதர்களின் நிலை நன்றாகவே முன்னேறியது. பழைய கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

1799 மார்ச்சில் பிரெஞ்சுப் படை டஸ்கனிக்குள் வந்தது. புரட்சிக்காரர்கள் யூதர்களுக்குச் சம உரிமை என்றார்கள். மே மாதம் அரெத்சோவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. "விவா மரியா", அதாவது மாதாவே வாழ்க, என்று முழங்கிக்கொண்டு கிளம்பிய கூட்டம், பிரெஞ்சுக்காரர்களோடு யூதர்களையும் எதிரிப் பட்டியலில் சேர்த்தது. ஜூன் 28-இல் சியெனாவில் கெட்டோவுக்குள் புகுந்து 13 யூதர்களைக் கொன்றார்கள். நகர்ச் சதுக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நட்டு வைத்திருந்த சுதந்திர மரத்தை வெட்டி, அந்த விறகிலேயே அவர்களை எரித்தார்கள். மொந்தே சான் சவீனோ ஊரிலிருந்து யூதர்களை மொத்தமாகத் துரத்தினார்கள். அந்தச் சமூகம் திரும்பவே இல்லை.

அதே கோடையில் பித்திலியானோவிலும் படையாட்கள் கெட்டோவுக்குள் புகுந்து கொள்ளையடிக்கத் தொடங்கினார்கள். அப்போது ஊர்க்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், எதிர்த்து நின்று அவர்களைத் துரத்தினார்கள். டஸ்கனி முழுக்க ஒரே அலை அடித்தபோது இந்த ஒரு ஊர் அதற்கு எதிராக நின்றது. நீலாம்பரி, "சின்ன ஜெருசலேம்" என்ற பெயருக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

நீலாம்பரி

இருக்கிறது, மறுக்கவில்லை. படித்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றியது யாரை? தங்கள் ஊரிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களை. மக்களிடம் நல்ல மனசு இருந்தது, சட்டத்தில் இல்லை. எந்தக் கோடையில் மக்களின் மனசு மாறும் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியாது. சியெனாவிலும் ஜூன் 27 வரை பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மாணிக்கவாசகன்

பிள்ளைகளா, ரொம்ப நன்றாகப் போகிறது. முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். நீலாம்பரி சொல்லும் சட்டம் ஒரு நாள் மாறியதே, அப்புறம் என்ன ஆயிற்று? சம உரிமை கிடைத்த பிறகு யூதர்கள் அங்கே செழித்தார்களா?

சுவடிக்காரன்

ஐயா, நான் இந்த இழையைத் தொடங்கியதே அந்தக் கேள்விக்காகத்தான்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பித்திலியானோவில் சுமார் 400 யூதர்கள் இருந்தார்கள். ஊரில் பத்தில் ஒருவர். இத்தாலியில் வேறு எந்த ஊரிலும் இந்த விகிதத்தைக் காண்பது அரிது. பள்ளிக்கூடம், நூலகம், ஏழைகளுக்கு உதவும் சங்கங்கள் எல்லாம் இருந்தன. படிப்பில் அந்தச் சமூகம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு இரண்டு பெயர் போதும். ஃபிளாமினியோ செர்வி: ரபி (யூத மதகுரு), இத்தாலிய யூதர்களின் முக்கியமான பத்திரிகை ஒன்றைத் தொடங்கியவர். தாந்தே லாத்தெஸ்: 1876-இல் இங்கே பிறந்தவர், 20-ஆம் நூற்றாண்டு இத்தாலிய யூதச் சிந்தனையில் பெரிய பெயர், 1965 வரை வாழ்ந்தார். இவ்வளவு சின்ன ஊரிலிருந்து!

1859-இல் கிராண்ட் டியூக் டஸ்கனியை விட்டுப் போனார். 1861-இல் இத்தாலி ஒரே அரசாயிற்று. யூதர்களுக்குச் சம உரிமை. எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்கலாம், பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், அரசு வேலைக்குப் போகலாம். அதன் பிறகு என்ன செய்வார்கள்? படித்த பிள்ளைகள் ஃபிளாரன்ஸ், ரோம், லிவோர்னோ என்று கிளம்பிவிட்டார்கள். ரயில்கூட வராத மலையூரில் ஒரு வக்கீலுக்கும் பேராசிரியருக்கும் என்ன வேலை? 1938-இல் இனச் சட்டங்கள் வந்தபோது மிச்சமிருந்தவர்கள் சுமார் 60 பேர்.

ஆக, அந்தச் சமூகத்தை முதலில் கரைத்தது சுதந்திரம். பாசிசம் வந்து மிச்சத்தை அழித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒன்றில் மனிதர்கள் தாங்களாகக் கிளம்பிப் போனார்கள், மற்றதில் வேட்டையாடப்பட்டார்கள். ஆனால் "நாஜிகள் வந்தார்கள், கெட்டோ முடிந்தது" என்று ஒரே வரியில் சொல்வது இந்த ஊருக்குப் பொருந்தாது.

வைகைச்செல்வி

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் கெட்டோவில் அடைத்து வைத்ததால்தான் அந்தச் சமூகம் சேர்ந்து இருந்தது என்று ஆகிறதே?

நீலாம்பரி

செல்வி, அந்த முடிவுக்கு மட்டும் போக வேண்டாம்! பூட்டி வைத்தால் யாரும் சேர்ந்துதான் இருப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தையும் நூலகத்தையும் கட்டியது பூட்டு அல்ல, அந்த மனிதர்கள். 1598-இல் தொழுகைக்கூடம் எழும்பியபோது கெட்டோ கிடையாது என்று சுவடி சாரே முதல் பதிவில் எழுதியிருக்கிறார், பாருங்கள்.

மாணிக்கவாசகன்

சரியாகச் சொன்னாயம்மா.

பாளையங்கோட்டை ரோசி

நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இங்கே யாரும் இன்னும் எழுதாத ஒன்றை நானே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது, ஜெர்மன் படை இறங்கியது, வடக்கிலும் நடுவிலும் முசோலினியின் பொம்மை அரசு வந்தது. கிரோசெத்தோ மாவட்டத்தின் தலைமை அதிகாரி அல்சேயோ எர்கொலானி என்ற பாசிஸ்ட். நாடு முழுக்க யூதர்களைக் கைது செய்யச் சொல்லி அரசு ஆணை போட்டது நவம்பர் 30-இல். எர்கொலானி நவம்பர் 28-ஆம் தேதியே முகாமைத் திறந்துவிட்டார். மேலிடத்து ஆணைக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

முகாம் எங்கே? ரோக்காதெதெரிகி என்ற ஊரில் ஆயருக்குச் சொந்தமான குருமடத்தில். ஆயர் பாவோலோ கலேயாத்சி அந்தக் கட்டடத்தை முறையாக வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. குருக்களாகப் போகும் பையன்கள் செபம் சொன்ன வீட்டில் யூதக் குடும்பங்களை, குழந்தைகளோடு, அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து 1944-இல் பலரை ஃபோசோலி முகாமுக்கு அனுப்பினார்கள். ஃபோசோலியிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. பித்திலியானோக்காரர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் திருச்சபையின் கதையில் இதுவும் ஒரு பக்கம். இதைச் சொல்லாமல் "ஊர் மக்கள் நல்லவர்கள்" என்று மட்டும் நான் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஊர் மக்கள் நல்லவர்கள் என்பதும் உண்மை. அந்தக் குளிர்காலத்தில் சுற்றுவட்டார விவசாயிகள், அவர்களும் கத்தோலிக்கர்கள்தான், யூதக் குடும்பங்களைத் தங்கள் பண்ணை வீட்டிலும் வைக்கோல் பட்டறையிலும் ஒளித்து வைத்தார்கள். தேடல் நெருங்கியதும் குகைக்கு மாற்றி, இருட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். யூதப் படுகொலையை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு அந்தக் குடும்பங்கள் சிலவற்றைப் பிற்காலத்தில் "நாடுகளின் நீதிமான்கள்" என்று கௌரவித்தது.

தமயந்தி

ரோசி அக்கா, நன்றி. குகையில் ஒளிந்தவர்களில் ஒருவர் எலேனா செர்வி. அப்போது 13 வயதுச் சிறுமி. குடும்பம் பண்ணை பண்ணையாக மாறிக் கடைசி மாதங்களைக் குகையில் கழித்தது. போருக்குப் பிறகு இஸ்ரேல் போய், பிறகு ஊருக்கே திரும்பி வந்தார். 1996-இல் மகனோடு சேர்ந்து "சின்ன ஜெருசலேம்" என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார். கெட்டோவையும் தொழுகைக்கூடத்தையும் கவனித்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்வது அதன் வேலை. நீலாம்பரி, அந்தப் பெயர் உங்களுக்கு உறுத்துகிறது என்றீர்கள். அதைத் தன் சங்கத்துக்கு வைத்தவர் குகையில் ஒளிந்து பிழைத்தவர். அவர் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீலாம்பரி

அவர் வைத்தால் அதற்கு எடை வேறு. அந்தப் பெயரைச் சொல்ல எல்லாரையும் விட அவருக்கு உரிமை அதிகம். சுற்றுலா நிறுவனம் விளம்பரத்தில் போடுவதும் அவர் சொல்வதும் ஒன்றல்ல.

கொங்குநாட்டான்

இனச் சட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1938 செப்டம்பரில் முதலில் வந்தது பள்ளிச் சட்டம். யூதப் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள், யூத ஆசிரியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். நவம்பரில் கலப்புத் திருமணம், சொத்து, அரசு வேலை எல்லாவற்றிலும் தடை. ஆயிரக்கணக்கானோர் வாழும் ரோமில் யூதர்கள் தங்களுக்கென்று பள்ளி நடத்திச் சமாளித்தார்கள். 60 பேர் உள்ள ஊரில் நேற்றுவரை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் இன்று வரக்கூடாது என்றால், அவன் வகுப்பில் ஒரே யூதப் பிள்ளையாகக்கூட இருந்திருப்பான். சின்ன ஊரில் ஒதுக்குவது அப்படித்தான், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நடக்கும்.

வைகைச்செல்வி

மனசு கனத்துவிட்டது. போருக்குப் பிறகு?

சுவடிக்காரன்

1944 ஜூனில் நேசப்படைகள் வந்தன. அதற்குச் சில நாள் முன்பு அவர்களுடைய விமானக் குண்டுவீச்சில் ஊரில் பலர் இறந்தார்கள். மறைந்திருந்த யூதக் குடும்பங்கள் திரும்பின, ஆனால் பெரும்பாலோர் தங்கவில்லை. யூத வழிபாட்டில் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்தே சேராத நிலை வந்தது. 1950-களின் முடிவோடு தொழுகைக்கூடத்தில் வழிபாடு நின்றது. 60-களில் பாறை சரிந்து கட்டடத்தின் பெரும் பகுதி விழுந்துவிட்டது. நகராட்சி திரும்பக் கட்டி 1995-இல் திறந்தது. இடிந்து கிடந்ததை எடுத்துக் கட்டியவர்கள் யூதர்கள் அல்லாத ஊர்க்காரர்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாணிக்கவாசகன்

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே? ஒரு சமூகம் ஊரைவிட்டுப் போனாலும் அதன் பலகாரம் அங்கேயே தங்கிவிடும்.

தமயந்தி

ஐயா, அதை எழுதாமல் விடுவேனா! "ஸ்ஃப்ராத்தோ" என்று ஒரு பலகாரம். 1622-இல் யூதர்களை வீட்டிலிருந்து கெட்டோவுக்குக் கிளப்ப வந்த சேவகர்கள் தடியால் கதவைத் தட்டினார்களாம். அந்தத் தடியின் வடிவத்தில் இதைச் செய்கிறார்கள். பெயருக்கே வீட்டைக் காலி செய்ய வைப்பது என்றுதான் பொருள்.

தேனைக் கொதிக்க வைத்து, பொடித்த அக்ரூட்டைக் கொட்டி, ஆரஞ்சுத் தோல் துருவலும் ஜாதிக்காயும் சேர்த்துக் கிளறுவார்கள். ஆறியதும் கையால் கயிறு மாதிரி உருட்டி, மாவு, சர்க்கரை, வெள்ளை ஒயின் சேர்த்துப் பிசைந்த மெல்லிய மாவுத் தாளில் சுருட்டி அடுப்பில் வைப்பார்கள். அரை முழம் அளவு நீளம். துண்டு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். நம் சோமாசியைக் குழலாக நீட்டிச் சுட்டால் எப்படியோ அப்படி, ஆனால் மேல்மாவு அவ்வளவு மொறுமொறுப்பு கிடையாது. யூதர்கள் புத்தாண்டுக்குச் செய்தது. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கற்றுக்கொண்டு கிறிஸ்துமஸுக்குச் செய்யத் தொடங்கினார்கள். இன்று ஊரிலுள்ள பேக்கரிகளில் அவர்கள்தான் செய்து விற்கிறார்கள்.

இந்த ஊர்ச் சமையலை உலகத்துக்குக் கொண்டுபோனவர் எட்டா செர்வி மாக்லின். இங்கே பிறந்து, போரின்போது தலைமறைவாக இருந்து பிழைத்து, அமெரிக்கா போய் இத்தாலிய யூதச் சமையல் பற்றி எழுதினார்.

பாளையங்கோட்டை ரோசி

தமயந்தி, தடியால் தட்டியதையே தேனும் பருப்பும் வைத்துப் பண்டிகைப் பலகாரமாக்கியிருக்கிறார்களே! யாருக்கு அப்படித் தோன்றியிருக்கும்? ஏதோ ஒரு பாட்டிக்குத்தான். பேரப்பிள்ளைகள் அந்தத் தட்டலை நினைத்துப் பயப்படாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

நீலாம்பரி

பயப்படாமல் இருக்கட்டும், ஆனால் மறக்காமலும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள் அக்கா.

வைகைச்செல்வி

அடுத்த வருஷம் ரோமுக்கு ஒரு வேலையாகப் போகிறேன். அங்கிருந்து பித்திலியானோ போய்வர முடியுமா? சனி, ஞாயிறு மட்டும்தான் நேரம் கிடைக்கும்.

தமயந்தி

ஞாயிறு போங்கள் செல்வி. சனிக்கிழமை ஓய்வுநாள், கெட்டோவும் தொழுகைக்கூடமும் பூட்டியிருக்கும். ரயில் கிடையாது. பொதுப் பேருந்துகள் இருக்கின்றன, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவற்றை நம்பிக் கிளம்ப வேண்டாம். கார் எடுத்தால் நல்லது. தொழுகைக்கூடம், குகை அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். படிகள் ஈரமாக வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கோடையானாலும் ஒரு சால்வை வைத்திருங்கள். ஊரின் கூட்டுறவு ஒயின் ஆலை யூத விதிப்படி ஒயின் செய்கிறது, அதையும் அங்கே வாங்கலாம்.

சுவடிக்காரன்

நேரம் இருந்தால் பக்கத்தில் சொரானோவையும் பாருங்கள். அங்கேயும் கெட்டோ இருந்தது, இதைவிடச் சின்னது. அதைப் பற்றித் தனி இழை போட எண்ணம் இருக்கிறது. நீங்கள் படம் எடுத்து வந்தால் அதில் சேர்த்துவிடலாம்.